கூட்டைக் காட்டும் படம் அன்பின் சான்று ஆகாது

கோடை விடுமுறை தொடங்கியதும் சமூக ஊடகப் பக்கங்களில் ஒரே வகைப் படம் திரும்பத் திரும்ப வலம்வரத் தொடங்குகிறது. நாரும் சிலந்தி நூலும் கொண்டு பின்னிய தொங்கு கூடு. அதன் வாயிலில் திறந்த இரு சிற்றலகுகள். எதிரே இறக்கை விரித்த தாய்ப்பறவை. பின்புலம் துடைத்துவைத்ததுபோல் பச்சையாக மங்கியிருக்கும். கீழே “மூணாறு மலையில் ஹம்மிங் பேர்டு” என்றோ “தாய்மைக்கு நிகர் ஏது” என்றோ ஒரு வரி. பார்ப்போர் விருப்பக்குறி இடுகின்றனர். கேமராவின் பெயரையும் லென்ஸின் நீளத்தையும் விசாரிக்கின்றனர். படம் எடுத்து முடிந்தபின் அந்தக் கூடு என்ன ஆயிற்று என்று விசாரிப்பவர் அரிது.

விசாரிக்கப்பட வேண்டியது அது ஒன்றுதான். ஒரு பறவைப் படத்தின் மதிப்பை அளக்கும் கோல் அதன் கூர்மையோ வண்ணமோ அன்று. படம் எடுக்கப்பட்ட நேரத்திலும் அதற்குப் பின்னரும் அப்பறவை தன் வேலையைத் தொடர முடிந்ததா என்பதே. இந்தக் கோலை ஏற்காத எந்த ஒளிப்படக்காரரும், தம்மைப் பறவை நேசர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை இழக்கிறார். இது கடுமையான கூற்று. பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரை நீளும் மலைக்காடுகளில் வாழும் சிறுபறவைகளின் நிலை, இதைவிட மென்மையான கூற்றுக்கு இடம் தரவில்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். மூணாற்றில் ஹம்மிங் பேர்டு இல்லை. வால்பாறையிலும் இல்லை, இந்தியாவில் எங்கும் இல்லை. தமிழில் ஓசனிச்சிட்டு என்றும் ரீங்காரச்சிட்டு என்றும் வழங்கப்படும் அக்குடும்பத்தின் 360க்கும் மேற்பட்ட இனங்கள் அனைத்தும் இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. ஆனைமலையில் பூவுக்குப் பூ தாவுவது தேன்சிட்டு. இரண்டுக்கும் அலகு நீளம், உடல் சிறிது, உணவு தேன் என்பதால் உறவு உண்டென்று கொள்வது பிழை. ஓசனிச்சிட்டுக்கு நெருங்கிய உறவு, அணைக்கட்டுகளின் மேல் வில்போல் சிறகு வளைத்துப் பறக்கும் உழவாரன். தேன்சிட்டோ காக்கையும் மைனாவும் அடங்கிய பெரும் வரிசையைச் சேர்ந்தது. ஒத்த வாழ்க்கைமுறை ஒத்த உருவத்தைத் தந்திருக்கிறது, அவ்வளவே. சில வேளைகளில் ‘ஹம்மிங் பேர்டு’ என்று பகிரப்படும் காணொளியில் இருப்பது பறவைகூட அன்று. பூவின் முன் நின்று தேன் உறிஞ்சும் அந்துப்பூச்சி.

இதில் என்ன தீங்கு, ஒரு பெயர் மாறினால் குடி மூழ்கிவிடுமா என்று கேட்போர் உண்டு. பெயர் மட்டும் மாறினால் மூழ்காது. பெயரோடு ஓர் எதிர்பார்ப்பும் வந்து சேர்கிறது என்பதுதான் சிக்கல். ஓசனிச்சிட்டு காற்றில் நின்றபடியே தேன் அருந்தும், பின்னோக்கியும் பறக்கும். அதன் சிறகடிப்பு வினாடிக்குப் பல பத்துகள். அச்சிறகை உறையவைத்துக் காட்டுவது கடந்த நூற்றாண்டில் ஒளிப்படக் கலையின் பெரும் சவால்களுள் ஒன்றாக இருந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஹெரால்ட் எட்ஜெர்டன், மிகக் குறுகிய நேரமே மின்னும் விளக்குகளைக் கொண்டு அதைச் சாதித்தார். டூபான்ட் நிறுவனத்தின் தலைவராயிருந்த கிராஃபோர்டு கிரீன்வால்ட் 1960இல் வெளியிட்ட ஓசனிச்சிட்டு நூல் அந்த அழகை உலகெங்கும் கொண்டுசென்றது. இன்று கோஸ்டாரிகாவிலும் ஈக்வடாரிலும் அது ஒரு சுற்றுலாத் தொழில். சர்க்கரை நீர்க் குப்பி, அதன் அருகே ஒரு பூ, சுற்றிலும் பல ஃபிளாஷ் விளக்குகள், பின்னால் வண்ணம் தீட்டிய திரை. பறவை வந்து நிற்கும், படம் பிறக்கும்.

அந்தப் படத்தின் மீது கொண்ட மோகமே இங்கே தேன்சிட்டின் தலையில் விடிகிறது. தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பற்றி அமர்ந்தே தேன் குடிக்கும். காற்றில் நிற்பது சில கணங்களுக்கு மட்டும். எனவே ‘ஹம்மிங் பேர்டு’ படம் வேண்டுவோருக்குப் பூவருகே அது கிடைப்பதில்லை. பறவை தவறாமல் திரும்பி வந்தாக வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: குஞ்சுகள் இருக்கும் கூடு. அங்கே முக்காலி ஊன்றினால் போதும். இரைதேடிக் காட்டில் அலையும் பறவையைப் பின்தொடரும் பொறுமையும் அறிவும் தேவையில்லை. கூட்டுப் படத்தின் கவர்ச்சி முழுவதும் இந்தச் சோம்பலில்தான் இருக்கிறது. தாய்ப்பறவையின் கடமையைத் தூண்டிலில் கோத்த புழுவாக்கி எடுக்கும் படத்துக்குத் ‘தாய்மை’ என்று தலைப்பிடுவதைவிடக் கொடிய முரண் வேறில்லை.

கூட்டருகே நிகழ்வது என்ன? மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சின்னத் தேன்சிட்டை எடுத்துக்கொள்வோர், அதன் எடை ஏறத்தாழ 5 கிராம் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். ஐந்து ரூபாய் நாணயத்தோடு ஒப்பிடத்தக்க எடை. இத்தகைய உடலில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. பகல் முழுதும் தேனும் சிறுபூச்சியும் தேடித் தானும் உண்டு குஞ்சுக்கும் கொடுத்தாக வேண்டும். பத்தடி தொலைவில் ஒரு மனிதர் நின்றால் பறவை அருகிலுள்ள கிளையில் தயங்கி நிற்கும். அலகில் பூச்சியோடு அது தயங்கும் அந்த நேரத்தில்தான் கேமரா ஓயாது ஒலிக்கிறது. பார்வைக்கு அழகான அந்தப் படம், குஞ்சுக்குப் போய்ச் சேராத ஓர் உணவின் படம். முட்டைக் காலமாயின் நிலைமை இன்னும் மோசம். தேன்சிட்டுகளில் பெட்டையே அடைகாக்கிறது. அது விலகியிருக்கும் நேரத்தில் மலைக்காலையின் குளிரோ நடுப்பகல் வெயிலோ முட்டையைத் தாக்கும்.

தேன்சிட்டின் கூடு ஒளிந்திருப்பதில்லை. சிலந்தி வலையில் சிக்கிய குப்பைபோல் தோற்றமளிக்கிறது. பட்டைத் துணுக்கும் காய்ந்த இலையும் பூச்சிகளின் எச்சமும் ஒட்டிய அந்த உருவே அதன் காவல். குப்பையை எவரும் உற்றுநோக்குவதில்லை என்பதே பறவையின் கணக்கு. இருபது பேர் வரிசையில் நின்று அந்தக் குப்பையை உற்றுநோக்கும்போது அக்கணக்கு பொய்த்துப்போகிறது. மனிதர் எங்கே கூடுகின்றனர், எதைப் பார்க்கின்றனர் என்பதைக் காக்கை கவனிக்கிறது, வால்காக்கையும் கவனிக்கிறது. கூட்டை மறைக்கும் இலைகளை நம்பி வாழும் ஈப்பிடிப்பான், கொண்டைக்குருவி முதலியவற்றின் நிலை வேறு. அவற்றின் கூட்டுக்கு முன் ‘படத்தைக் கெடுக்கும்’ இரண்டு இலைகளைக் கிள்ளி எறிவது ஒளிப்படக்காரருக்கு ஒரு நொடி வேலை. பறவைக்கு அது வீட்டின் கூரையையும் கதவையும் பெயர்த்தெடுத்ததற்குச் சமம்.

“பறவை பறந்தோடவில்லையே, அதற்குத் தொந்தரவு இருந்தால் அங்கே இருக்குமா?” என்பது அடிக்கடி கேட்கும் பதில். இடுக்கி எல்லையை அடுத்துப் பெரியாற்றங்கரையில் உள்ள தட்டேக்காட்டுக்கு மக்கள் படையெடுப்பது தவளைவாயனைக் காண்பதற்காக. பகலில் அது காய்ந்த சருகுபோலவும் ஒடிந்த கிளைபோலவும் அசையாமல் அமர்ந்திருக்கும். அசையாமையே அதன் ஒரே பாதுகாப்பு. அசைந்தால் பகைவர் கண்டுகொள்வர். அது ஒரு பருவத்தில் இடுவதும் ஒற்றை முட்டை. அப்பறவை கேமராவுக்கு முன் உறைந்திருப்பதைச் சம்மதமாக எண்ணுவது, அச்சத்தால் வாயடைத்து நிற்பவரைப் பார்த்து ‘மறுப்பொன்றும் சொல்லவில்லையே’ என்பதைப் போன்றது. ஓடாத பறவை அஞ்சாத பறவை அன்று. பெற்றோர்ப் பறவை கூட்டை விட்டு ஓடாமல் இருப்பதற்கு இன்னும் எளிய காரணம் உண்டு: அதன் பிள்ளை அங்கே இருக்கிறது.

கூட்டுக்கு அடுத்த தீங்கு குரல். கைப்பேசியில் பறவையின் பாடலைப் பதிந்து வைத்து, புதரின் முன் ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைக்கும் பழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. மனிதர் காதுக்கு அது பாட்டு. எல்லையைக் காக்கும் ஆண் பறவைக்கோ அது, தன் நிலத்துக்குள் புகுந்துவிட்ட எதிரியின் அறைகூவல். இரைதேடலை விட்டுவிட்டு, மறைவை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அது திறந்த கிளைக்கு வருகிறது. ஒருமுறை வந்தால் பெரிய கேடில்லை எனலாம். புகழ்பெற்ற ஒரு வளைவில், நன்கறியப்பட்ட ஒரு புதரின் முன், காலை முதல் மாலை வரை குழுவுக்குப் பின் குழுவாக வந்து அதே ஒலியை எழுப்பினால், அப்பறவை பருவம் முழுதும் பொய்ப் போரில் கழிக்கிறது. மெய்யான வேலைக்கு நேரம் எஞ்சுவதில்லை.

இப்பகுதியில் இதன் விளைவு ஏன் கூடுதல் கொடியது என்பதை அறிய நிலத்தின் அமைப்பை நோக்க வேண்டும். பாலக்காட்டின் தென்கோடியில் நெல்லியாம்பதியும் பரம்பிக்குளமும். இடுக்கியின் வடகோடியில் இரவிகுளமும் சின்னாறும் மறையூரும். இரண்டுக்கும் நடுவே ஆனைமலையும் வால்பாறையும். மாநில எல்லை இம்மலைகளின் மேல் வளைந்து நெளிந்து செல்கிறது. கேரளத்தின் பரம்பிக்குளத்துக்குச் சாலைவழி செல்வோர் தமிழகத்தின் சேத்துமடையைக் கடந்தே போகின்றனர். பறவைக்கு அந்த எல்லை தெரியாது. அதற்குத் தெரிந்த எல்லை வேறு: 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில் மலைத்தொடரை இரண்டாகப் பிளக்கும் பாலக்காட்டுக் கணவாய்.

உயர்மலைச் சோலைகளின் தரையில் வாழும் சிறு பாடும் பறவை ஒன்றுக்குச் சோலைக்கிளி என்று பெயர். தமிழில் கிளி என்றால் பச்சைக்கிளி. மலையாளத்தில் சிறுபறவை எல்லாமே கிளி. தேன்சிட்டும் அங்கே தேன்கிளிதான். இந்தச் சோலைக்கிளி குளிர்ந்த மலைமுடிக் காட்டை விட்டுக் கீழே இறங்கிச் சமவெளியைக் கடப்பதில்லை. கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் உள்ளது ஓர் இனம். தெற்கே ஆனைமலையிலும் பழனிமலையிலும் உள்ளது வேறோர் இனம். சிரிப்பான் என்னும் பறவைக்கும் இதே கதை. வி. வி. ராபினும் அவருடன் இணைந்த ஆய்வாளர்களும் மரபணுச் சான்றுகளைக் கொண்டு இவ்விரு பறவைக் கூட்டங்களும் வேறெங்கும் இல்லாத தனிப் பேரினங்கள் என்று 2017இல் நிறுவினர். சோலைக்கிளியின் பேரினப் பெயரிலேயே ‘சோலை’ என்னும் சொல் ஏறியது. உலக உயிரியல் பெயர்ப்பட்டியலில் அச்சொல்லுக்கு இடம் வாங்கித் தந்த பறவையைத் தமிழர் எத்தனை பேர் அறிவர் என்பது தனிக் கேள்வி.

இதன் பொருள் எளிது. சமவெளித் தோட்டத்து ஊதாத் தேன்சிட்டு ஒரு கூட்டை இழந்தால், அந்த இனத்துக்கு நாடெங்கும் வேறு தோட்டங்கள் உண்டு. ஆனைமலைச் சோலைக்கிளிக்கு அடுத்த மலை என்று ஒன்று இல்லை. புல்வெளிக்கும் தேயிலைக்கும் நடுவே தீவுபோல் எஞ்சிய சோலைத் துண்டுகளே அதன் உலகம். அத்துண்டுகளுள் சாலையோரமாக, விடுதிக்கு நடந்துபோகும் தொலைவில், ஒளிப்படக்காரருக்கு எளிதில் எட்டுபவை சிலவே. அந்தச் சிலவற்றின் மேல்தான் முழு அழுத்தமும் விழுகிறது. மேலும் இம்மலைகளின் சிறுபறவைகள் பலவும் கூடுகட்டுவது தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய மாதங்களில். பள்ளி விடுமுறையும் மலைவாசத் தலங்களின் கூட்டமும் அதே மாதங்களில். பறவையின் நெருக்கடி காலமும் மனிதரின் ஓய்வு காலமும் ஒன்றாக அமைந்தது தற்செயல். அதைப் பறவையின் மேல் பழியாகச் சுமத்துவது தற்செயல் அன்று.

சட்டம் என்ன சொல்கிறது? 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்தை இரண்டாம் பிரிவில் காணலாம். கொல்வதும் பொறி வைப்பதும் மட்டும் வேட்டை அன்று. காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையையோ தொந்தரவுக்கு உள்ளாக்குவதும் வேட்டையே. கவண் எடுத்த சிறுவனையும் இலை கிள்ளிய ஒளிப்படக்காரரையும் சட்டம் ஒரே சொல்லால் அழைக்கிறது. சரணாலயத்துக்குள் படமெடுக்க அனுமதி தரும் 28ஆம் பிரிவிலும் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது: வாழிடத்தில் மாற்றம் செய்யலாகாது, வாழிடத்துக்கோ வன உயிருக்கோ கேடு விளைவிக்கலாகாது. பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள பறவைகளைக் கூட்டருகே படமெடுக்க வேண்டுமெனில் தனி உரிமம் பெற வேண்டும். இந்தியச் சட்டம் அதற்கு இளைத்ததன்று. ஏட்டில் இருக்கும் சொல்லுக்கு முக்காலியின் முன் மதிப்பில்லை என்பதே குறை.

இனி மறுப்புகளைப் பார்க்கலாம். அவை அற்பமானவை அல்ல.

முதல் மறுப்பு: “முன்னோடிகள் எல்லாரும் கூட்டருகேதானே படமெடுத்தனர்?” உண்மை. சென்ற நூற்றாண்டின் பறவைப் படங்களுள் பெரும்பகுதி கூட்டுப் படங்களே. ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் எரிக் ஹாஸ்கிங் 1937இல் ஆந்தைக் கூட்டை அணுகியபோது தாக்கப்பட்டு ஓர் இடக்கண்ணை இழந்தார். அவர் காலத்தில் லென்ஸுகள் குறுகியவை, படச்சுருள் மந்தமானது, பறவையை அருகே காண வேறு வழி குறைவு. இவ்விடத்தில் சாலிம் அலியையும் நினைக்கலாம். 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் அவர் நடத்திய கணக்கெடுப்பில் பறவைகள் சுடப்பட்டு மாதிரிகளாகச் சேகரிக்கப்பட்டன. பரம்பிக்குளத்துக் குரியார்குட்டியில் அவர் தங்கிப் பணியாற்றியதன் நினைவாக அங்கே ஒரு மையமும் உண்டு. அவரை முன்மாதிரியாகக் கொண்டு இன்று எவரும் துப்பாக்கியோடு பரம்பிக்குளம் போவதில்லை. கருவி வளர்ந்ததும் வழக்கம் மாறியது, அறிவியல் குன்றிவிடவில்லை. நாற்பதடி தொலைவிலிருந்து இறகின் நரம்பைக் காட்டும் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னோடிகளின் இயலாமையைத் தமக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. தமிழகத்தின் பெரும் இயற்கை அறிஞர் மா. கிருஷ்ணன், பல பாகங்களைச் சேர்த்துத் தாமே உருவாக்கிய கேமராவோடு, பெரும்பாலும் கருப்பு வெள்ளையில் படமெடுத்தவர். அவர் புகழ் லென்ஸின் விலையால் வந்ததன்று. விலங்கு என்ன செய்கிறது என்பதை அறிந்து காத்திருந்ததால் வந்தது.

இரண்டாம் மறுப்பு: “படம் பார்த்துத்தானே மக்களுக்குப் பறவைமேல் அன்பு பிறக்கிறது?” பாதி உண்மை. படங்களால் பறவை நோக்கலுக்கு வந்தோர் பலர். ஆயினும் எந்தப் படம் எந்த அன்பை வளர்க்கிறது என்று கேட்க வேண்டும். கூட்டுப் படத்தைப் பார்த்து மயங்கிய இளைஞர் அடுத்து என்ன செய்வார்? கேமரா வாங்குவார்; கூடு எங்கே என்று கேட்பார். ஒரு கூட்டுப் படம் பத்துக் கூட்டுப் படங்களைப் பிறப்பிக்கிறது. பாலக்காட்டுக் காவசேரியில் பிறந்த கே. கே. நீலகண்டன், ‘இந்துசூடன்’ என்ற பெயரில் எழுதிய ‘கேரளத்திலே பட்சிகள்’ நூல் 1958இல் வெளிவந்து, மலையாளிகள் தலைமுறை தலைமுறையாகப் பறவை நோக்கப் பயிலும் நூலாயிற்று. அந்த அன்பு சொற்களால் வளர்ந்தது: பறவை எப்படி நடக்கிறது, எந்நேரம் பாடுகிறது, எதைத் தின்கிறது என்னும் நுண்மைகளால். அத்தகைய அறிவைத் தராத படம் வியப்பை மட்டுமே தரும். வியப்பு விரல்நுனியில் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடும்.

மூன்றாம் மறுப்பு: “படங்கள் ஆய்வுக்குப் பயன்படுகின்றனவே?” பயன்படுகின்றன. எந்தப் பறவை, எந்த நாள், எந்த இடம் என்பதை உறுதிசெய்யத் தொலைவிலிருந்து எடுத்த மங்கலான படமே போதும். முட்டையின் நிறமும் கூட்டின் அமைப்பும் பொதுவான பல பறவைகளுக்கு முன்பே பதிவாகிவிட்டன. நாற்பதாயிரமாவது தேன்சிட்டுக் கூட்டுப் படம் எந்த ஆய்வேட்டிலும் ஒரு வரியைக் கூட்டப் போவதில்லை. கூடுகளை ஆராய்வோர் அனுமதி பெற்று, வருகையின் எண்ணிக்கையையும் நேரத்தையும் வரையறுத்து, கூட்டின் முடிவையும் பதிவுசெய்கின்றனர். எத்தனை குஞ்சு பறந்தது, எத்தனை அழிந்தது என்ற அந்தக் கடைசிப் பத்தி இல்லாத பதிவு ஆய்வன்று. ஒளிப்படக்காரரோ அதற்கு முன்பே ஊர் திரும்பிவிடுகிறார்.

நான்காம் மறுப்பே கனமானது: “வழிகாட்டிகளின் பிழைப்பு என்ன ஆவது?” பரம்பிக்குளத்தில் காடரும் மலசரும் மலைமலசரும் முதுவரும் வாழ்கின்றனர், இடுக்கி மலைகளில் முதுவரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும். தங்கள் காட்டறிவுக்குக் கூலி பெறும் உரிமை அவர்களுக்கு முழுமையாக உண்டு. ஆனால் கூட்டைக் காட்டினால்தான் கூடுதல் பணம் என்ற விலைப்பட்டியலை அவர்கள் எழுதவில்லை. நகரத்திலிருந்து வரும் வாடிக்கையாளர் எழுதினார். பழியை வழிகாட்டியின் தலையில் இறக்கிவிட்டுப் படத்தை மட்டும் தம் பெயரில் வெளியிடுவது நேர்மையன்று. வேறு வழி இல்லையென்றும் சொல்ல முடியாது. பரம்பிக்குளத்தை அடுத்த வாழச்சால் காடுகளில் காடர் சமூகத்தினர் இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்துக் காவல் காக்கும் பணியில் ஈடுபட்டுள்ளனர். கூடு எங்கே என்ற அறிவு அங்கே விற்பனைப் பொருளாக இல்லாமல் காவலுக்கான தகுதியாக மாறியிருக்கிறது. அதே அறிவுக்கு அதே கூலி, சிறுபறவைக்கும் ஏன் கிடைக்கக்கூடாது?

இரவிகுளம் இன்னொரு பாடம் தருகிறது. வரையாடு குட்டி ஈனும் பருவத்தில் அத்தேசியப் பூங்கா ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பார்வையாளருக்கு மூடப்படுகிறது. சுற்றுலா வருவாய் போகிறதே என்று எவரும் நீதிமன்றம் ஏறவில்லை. குட்டிக்கு அமைதி வேண்டும் என்பது எல்லாருக்கும் புரிகிறது. வரையாடு பெரிது, அதன் குட்டி கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்து கிராம் பறவையின் குஞ்சுக்கு அந்த இரண்டு மாத மரியாதையில் இரண்டு வாரம்கூட இல்லை. அளவு சிறிதென்றால் உரிமையும் சிறிதா என்ற கேள்விக்கு வனத்துறைகளும் சுற்றுலாத் துறைகளும் பதில் சொல்ல வேண்டும். முழு மலையையும் மூட வேண்டியதில்லை. கூட்டம் மொய்க்கும் சில சோலை ஓரங்களில், கூடுகட்டும் வாரங்களில், பதிந்த குரலுக்கும் முக்காலிக்கும் தடை விதித்தால் போதும்.

அரசு செய்யுமட்டும் காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. சிவகங்கை மாவட்டத்தின் பொத்தகுடி ஊரார் 2020இல், தெருவிளக்கின் மின்பெட்டிக்குள் ஒரு சிறுகுருவி கூடுகட்டி முட்டையிட்டது என்பதற்காக, குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கே இல்லாமல் இருட்டில் நடந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பறவை நேசர் என்ற பட்டத்தைத் தம் பெயருக்கு முன் போட்டுக்கொண்டவர் அல்லர். கூடு என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓர் ஊர் முழுவதும் விளக்கைத் துறக்க முடிந்தபோது, ஒருவர் ஒரு படத்தைத் துறக்க முடியாதா?

ஆகவே வேண்டுவன சில. தமிழிலும் மலையாளத்திலும் இயங்கும் பறவைக் குழுக்கள் கூட்டுப் படங்களையும், கூட்டருகே எடுத்தது என்று தெளிவாகத் தெரியும் படங்களையும் வெளியிட மறுக்க வேண்டும். போட்டி நடத்துவோர் அவற்றைப் பரிசீலனைக்கே எடுக்கலாகாது. அரிய பறவைகளின் துல்லியமான இடத்தைப் பொதுவில் பகிர்தல் நிற்க வேண்டும். எத்தனை தொலைவிலிருந்து எடுத்தது, குரல் ஒலிக்கவிடப்பட்டதா, இரை வைக்கப்பட்டதா என்று கேமரா விவரத்தோடு சேர்த்து எழுதும் வழக்கம் வர வேண்டும். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் அவர் நேரத்துக்கும் அறிவுக்கும் உரியதாக இருக்க வேண்டும். கூட்டுக்கு உரிய விலையாக இருக்கலாகாது. தேன்சிட்டைத் தேன்சிட்டு என்றே எழுத வேண்டும். வேறொரு கண்டத்துப் பறவையின் வேடத்தை அதற்குப் போட வேண்டியதில்லை.

இவை எல்லாம் ஏற்கப்படும்வரை வாசகர் கையிலும் ஒரு கருவி உண்டு. அடுத்த முறை தொங்கு கூடும் திறந்த அலகுகளும் கொண்ட படம் கண்ணில் பட்டால், விருப்பக்குறி இடும் முன், லென்ஸின் நீளத்தைக் கேட்கும் முன், அதன் கீழே ஒரே ஒரு கேள்வியை எழுதட்டும்: “குஞ்சுகள் பறந்தனவா?”

பதில் தெரிந்த ஒளிப்படக்காரர் மிகச் சிலரே இருப்பர். மற்றவர் அந்தப் படத்தை எடுத்திருக்கலாகாது.